எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

ஞாயிற்றுக்கிழமை இலக்கியக் கூட்டத்தில் பேச்சாளரிடம் நான் கேள்வி கேட்ட வீடியோவைப் பார்த்துவிட்டு இன்பாக்ஸில் ஆறுதல் சொன்னவர்களுக்கு நன்றி. ‘உனக்கு எதுக்கு இந்த வேலை’ என்று கேட்டவர்களுக்கும் நன்றி. இரண்டாவது வகைதான் அதிகம்.

‘அந்தக் காலக் கூட்டுக் குடும்பத்துல மன அழுத்தமே கிடையாது. எங்க பாட்டி பத்துப் பிள்ளை பெத்தா, ஒருநாள் அழுது நான் பார்த்ததில்லை’ என்றார் மேடையில் பேசிய ஐயா. கைதட்டல். கேள்வி நேரத்தில் எழுந்து, ‘நீங்கள் பார்க்கவில்லை, சரி. அவர் அழவே இல்லை என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?’ என்றேன். ‘விதண்டாவாதம் வேண்டாம்மா, உட்காருங்க.’ இன்னும் பெரிய கைதட்டல்.

விதண்டாவாதமாம். நியாய சூத்திரம் என்ற பழைய தர்க்க நூலில் இதற்கு இலக்கணமே இருக்கிறது. உண்மையைத் தேடிப் பேசினால் வாதம். ஜெயித்தால் போதும் என்று பேசினால் ஜல்பம். தன் கட்சி என்று எதையும் நிறுவாமல் எதிராளி கட்சியை உடைப்பதே வேலை என்றால் விதண்டை. நான் எதை உடைத்தேன்? ஆதாரம் கேட்டேன். ஆதாரம் கேட்பது விதண்டாவாதம் இல்லை.

போன வருஷம் இதே மேடையில் மணிமேகலை பற்றி ஒன்றரை மணி நேரம் பேசியவர் அவர். 29ஆம் காதை வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது போல. அதில்தான் காஞ்சியில் பௌத்தத் துறவி அறவண அடிகள் மணிமேகலைக்கு வாதம் சொல்லித்தருகிறார். மலையில் நெருப்பு உண்டு என்பது பக்கம், அதாவது நிறுவ வேண்டிய கருத்து. புகை தெரிகிறதே என்பது ஏது, அதாவது காரணம். அடுக்களை போல என்பது திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு. அதோடு விடாமல் பக்கப் போலி, ஏதுப் போலி, திட்டாந்தப் போலி என்று ஓட்டை வாதங்களையும் பிரித்துக் காட்டுகிறார். கேட்டுக்கொண்டிருப்பவள் ஒரு பெண். அவர் அவளை உட்காரச் சொல்லவில்லை.

வெளியூர்க்காரர் சொன்னால்தான் ஏறும் என்றால், 1958இல் ஸ்டீபன் டூல்மின் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி நீதிமன்ற நடைமுறையை மாதிரியாக வைத்து இதையே எழுதினார்: சான்றிலிருந்து முடிவுக்குத் தாவ உனக்கு எது அனுமதி கொடுத்தது? ஆம்ஸ்டர்டாமில் வான் ஈமெரன், க்ரூட்டன்டார்ஸ்ட் என்ற இரண்டு வாதவியல் ஆய்வாளர்கள் வாதத்துக்குப் பத்து விதி போட்டார்கள். யாரும் யாரையும் கருத்துச் சொல்லவோ சந்தேகம் கேட்கவோ விடாமல் தடுக்கக் கூடாது என்பது முதல் விதி. சொன்னவரிடம் ஆதாரம் கேட்டால் அவர் தர வேண்டும் என்பது இரண்டாவது. ஐயா ஒரே வாக்கியத்தில் இரண்டையும் முடித்துவிட்டார்.

போன ஐப்பசியில் அப்பாவுக்குக் காய்ச்சல். டாக்டருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். ‘பெரும்பாலும் டெங்கு. டெஸ்ட்ல வரலைன்னா வேற பார்க்கணும்’ என்றார். ‘எதை வெச்சு சொல்றே?’ என்று அப்பா சிடுசிடுத்தார். அந்தப் பெண் ரிப்போர்ட்டை அவர் பக்கம் திருப்பி, தட்டணு எண்ணிக்கையைப் பேனாவால் வட்டம் போட்டுக் காட்டினார். ‘பெரும்பாலும்’ என்ற ஒரு சொல்லை ஐயாவும் சேர்த்திருந்தால் நான் எழுந்தே இருக்க மாட்டேன்.

‘பெரியவரிடம் இப்படியா கேட்பது?’ என்கிறீர்கள். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். மைக் எனக்குத் தரப்படவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘அது இலக்கியக் கூட்டம், கோர்ட் இல்லை’ என்கிறீர்கள். இலக்கியக் கூட்டத்தில் பொய் சொல்லலாமா, அப்போ?

‘உனக்கு ஏன் இவ்வளவு கோபம்?’ இதற்குத்தான் பதில் இல்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த என் தோழியும் கைதட்டினாள். அதுவாக இருக்கலாம். பத்துப் பிள்ளை பெற்றவள் அழவில்லை என்பதற்கு ஒரு பேரனின் ஞாபகம் போதும், அதைச் சந்தேகப்பட எனக்கு மட்டும் தகுதி வேண்டும். அதுவாகவும் இருக்கலாம்.

என் கட்சி என்று ஒன்று இருந்தது. சொல்வதற்குள் உட்காரச் சொல்லிவிட்டார்கள். என் ஆச்சி அழுது நானும் பார்த்ததில்லை. விறகடுப்பு முன்னால் குத்துக்காலிட்டு ஊதுகுழலை ஊதுவாள். நிமிரும்போது கண் சிவந்திருக்கும். ‘என்ன ஆச்சி?’ என்றால், ‘புகைடி’ என்பாள். ஒருநாள் அடுப்பே பற்றவைக்கவில்லை. அன்றைக்கும் புகை என்றுதான் சொன்னாள்.