பிடித்த இதழ் வேறு, கனவு இதழ் வேறு

ஆங்கிலத்தில் சயின்ஸ் ஃபிக்‌ஷன், ஃபேன்டஸி எழுதும் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு வாட்ஸாப் குழு வைத்திருக்கிறோம். போன வாரம் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், "அண்ணா, உங்க எல்லாருக்கும் ட்ரீம் மேகசின் எது?" என்று கேட்டார். அதாவது, நம் கதை எந்த இதழில் வரவேண்டும் என்பது கனவு என்று. அடுத்த நிமிடமே ஆங்கில அறிபுனைவு, ஃபேன்டஸிக் கதை இதழ்களின் பெயர்கள் வரிசையாக வந்து விழுந்தன: கிளார்க்ஸ்வேர்ல்ட், அன்கேனி, அசிமோவ்ஸ், எஃப் அண்ட் எஸ்எஃப் (ஃபேன்டஸி அண்ட் சயின்ஸ் ஃபிக்‌ஷன்). நான் மட்டும் டைப் செய்வதும் அழிப்பதுமாக இருந்தேன். நீளமாகப் போனதால் இங்கே எழுதுகிறேன்.

பிடித்த இதழ் எது என்று கேட்டால் யோசிக்கவே மாட்டேன். பினீத் சீஸ்லெஸ் ஸ்கைஸ். 2008 முதல் ஸ்காட் ஆண்ட்ரூஸ் நடத்தி வரும் ஃபேன்டஸி இதழ். நான் அனுப்பிய ஒரு கதையைக்கூட அவர்கள் எடுத்ததில்லை. இருந்தும் ஏன் பிடிக்கும் என்றால், வேண்டாம் என்பதோடு ஏன் வேண்டாம் என்றும் இரண்டு வரி எழுதுவார்கள். அந்த இரண்டு வரியை நம்பித்தான் என் உப்பளத்துக் கதையின் முதல் நான்கு பக்கங்களை வெட்டி எறிந்தேன். அது எனக்கு எந்தப் பட்டறையிலும் கிடைக்காத பாடம்.

இன்னொரு இதழ் இருக்கிறது, பெயர் வேண்டாம். கதையை வாங்கி வைத்துக்கொண்டு 412 நாள் மூச்சே விடவில்லை. இந்த இதழ் உலகத்தில் பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரு கதையை ஒரே இதழுக்குத்தான் அனுப்ப வேண்டும். அதனால் அந்த 412 நாளும் கதைக்கு வீட்டுச் சிறை. இரண்டு முறை பணிவாக மடல் போட்டேன். கடைசியில் வந்தது ஒன்றரை வரி அச்சடித்த பதில், அதிலும் வேறு யாரோ எழுதிய கதையின் தலைப்பு. முன்பெல்லாம் நம் வார இதழ்களுக்கு அனுப்பும்போது தபால்தலை ஒட்டிய சுயவிலாச உறையை உள்ளே வைப்போம். திரும்பி வந்தாலும் நம் கதைதான் வரும்!

வேகத்துக்குக் கிளார்க்ஸ்வேர்ல்டை அடித்துக்கொள்ள ஆளில்லை. பல சமயம் சில நாட்களில் பதில் வந்துவிடும். நீல் கிளார்க் 2006-ல் தொடங்கிய இதழ். 2023 பிப்ரவரியில் செயற்கை நுண்ணறிவை வைத்து எழுதிய கதைகள் வந்து குவிந்ததால் 20-ஆம் தேதி வாசலையே சாத்த வேண்டியதாயிற்று. அடுத்த மாதம் திறந்துவிட்டார்கள். 'சீக்கிரம் பணம் பண்ண வழி' என்று யாரோ வீடியோ போட, எழுதவே தெரியாதவர்கள் பட்டனைத் தட்டிக் கதை அனுப்பிய கூத்து அது. சொல்லுக்கு எட்டு சென்ட் என்பதுதான் அமெரிக்க அறிபுனைவு எழுத்தாளர் சங்கம் 2019-ல் வைத்த தொழில்முறைக் குறைந்தபட்ச ஊதிய விகிதம். நாலாயிரம் சொல் கதைக்கு 320 டாலர். வருடத்துக்கு ஒரு கதை விற்றாலே பெரிய விஷயம் என்பதை அந்த வீடியோக்காரர்கள் சொல்லவில்லை போல.

எஃப் அண்ட் எஸ்எஃப்பின் மேல் எனக்கும் மயக்கம் உண்டு. 1949-ல் பிறந்த இதழ். சீன-அமெரிக்க எழுத்தாளர் கென் லியுவின் 'தி பேப்பர் மெனாஜரி' சிறுகதை 2011-ல் அதில்தான் வந்தது. அதைப் படித்த ராத்திரி நான் தூங்கவில்லை. ஆனால் 2025-ல் அசிமோவ்ஸ், அனலாக், எஃப் அண்ட் எஸ்எஃப் மூன்றும் புதிய உரிமையாளர் கைக்குப் போனபோது, ஒப்பந்தத்தில் இருந்த சில ஷரத்துகளைப் பற்றி எழுத்தாளர்கள் வெளிப்படையாகக் கேள்வி எழுப்பினார்கள். பெயரைப் பார்த்து மயங்கலாம், கையெழுத்துப் போடுமுன் ஷரத்தைப் படித்துவிட வேண்டும்.

ஒரு வயிற்றெரிச்சல், சொல்லிவிடுகிறேன். கனவு இதழ் என்கிறோமே, நம்மில் எத்தனை பேர் சந்தா கட்டுகிறோம்? 2023-ல் அமேசான் கிண்டிலில் இதழ்ச் சந்தாவை நிறுத்தியபோது இந்த இதழ்களுக்கு விழுந்த அடி சாதாரணமானது அல்ல. என் எக்ஸெல் ஷீட்டில் ஓர் இதழுக்கு 19 முறை கதை அனுப்பியதாக இருக்கிறது. அந்த இதழில் நான் முழுதாகப் படித்தது மூன்றே மூன்று மாதத்து வெளியீடுகள். எண்ணிப் பார்த்த அன்று வெட்கமாகிவிட்டது, அன்றே சந்தா கட்டினேன்.

சரி, கனவு. ஸ்ட்ரேஞ்ச் ஹொரைஸன்ஸ் என்று 2000 முதல் தன்னார்வலர்களே நடத்தும் இதழ் ஒன்று உண்டு. கொழும்பைச் சேர்ந்த வஜ்ர சந்திரசேகர ஒரு காலத்தில் அதன் கதைப் பிரிவு ஆசிரியர்களில் ஒருவர். மேலே சொன்ன அமெரிக்கச் சங்கம் தரும் நெபுலா விருதைத் தன் முதல் நாவலுக்கே வாங்கியவர். இந்த இதழிலிருந்து 2017-ல் கிளைத்ததுதான் சமோவார், மொழிபெயர்ப்புக் கதைகளுக்கென்றே. அதில் மூலமொழிக் கதையையும் ஆங்கிலத்தோடு சேர்த்துப் போடுவார்கள். அதாவது, அங்கே என் கதை வந்தால் அதன் தமிழும் கூடவே நிற்கும். அதுதான் என் கனவு இதழ். என் கதை ஒன்றைக்கூட என் அம்மா இதுவரை படித்ததில்லை. "என்னமோ எழுதுறான்" என்பதோடு சரி.

அதனால் உப்பளத்துக் கதையை இப்போது தமிழில் புதிதாக எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆங்கிலத்தில் அளம் என்றால் என்ன, பாத்தி எப்படிக் கட்டுவார்கள் என்று விளக்கவே மூன்று பத்தி ஓடியது. தமிழில் "பாத்தியில் உப்பு பூத்திருந்தது" என்று எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். நேற்று அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "வெள்ளாப்புலதான் வாருவாங்க, நீ என்ன மத்தியானத்துல வாருறேன்னு எழுதிருக்க?" என்றார். திருத்திக்கொண்டிருக்கிறேன். முடிந்ததும் மொழிபெயர்க்க ஆள் வேண்டும். ஆர்வமுள்ளவர்கள் இன்பாக்ஸுக்கு வாருங்கள்.