புஷ் தி என்வலப்னா லஞ்சம் இல்லைங்க

மேல கமெண்ட்ல ஒருத்தர் 'புஷ் தி என்வலப்'ங்கிற இங்கிலீஷ் சொலவடைன்னா டேபிளுக்கு அடியில கவர் தள்ளுறது, அதாவது லஞ்சம்னு எழுதியிருக்காரு, அதுக்கு லைக் வேற. தப்புங்க அது. இது விமானம் ஓட்டுறவங்க பேச்சு. ஒரு பிளேன் எவ்ளோ வேகம், எவ்ளோ உயரம் வரைக்கும் பத்திரமா பறக்கும்னு கிராஃப் போடுவாங்க, அந்த எல்லைக்குதான் என்வலப்னு பேரு, வேகம் ரொம்ப குறைஞ்சா ஸ்டால் ஆகிடும், அதாவது இறக்கை தூக்குற விசை போயி பிளேன் கீழ இறங்க ஆரம்பிச்சிடும், ரொம்ப கூடினா பாடி தாங்காது. டெஸ்ட் பைலட்டுங்க அந்தக் கோட்டை கொஞ்சம் கொஞ்சமா வெளிய தள்ளுவாங்க, 1947ல அமெரிக்க டெஸ்ட் பைலட் சக் யேகர் பெல் எக்ஸ்-1ங்கிற ராக்கெட் விமானத்துல ஒலியோட வேகத்தை தாண்டினது அப்படி படிப்படியா ஏத்திட்டுப் போய்தான். அதனால இதுக்கு அர்த்தம், இருக்கிற எல்லையைத் தாண்டி புதுசா முயற்சி பண்றது, பெரும்பாலும் பாராட்டாத்தான் வரும். அத்துமீறிட்டான்னு திட்டணும்னா 'கிராஸ் தி லைன்'னு சொல்லணும். இன்டர்வியூக்கு படிக்கிற பசங்க இதெல்லாம் பாக்குறாங்க, அந்த கமெண்ட்டை திருத்திடுங்க ப்ளீஸ்.