பெரியப்பா கேட்ட தாள்

மக்கள் அரசை நம்பாமல் போவது ஜனநாயகத்துக்கு ஆபத்து என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. நான் மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கம். 2022 நவம்பரில் எங்கள் பக்கத்தில் மலைகள் சூழ்ந்த அரிட்டாபட்டியைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். சரி, மலை தப்பித்தது என்றிருந்தோம். இரண்டே வருடத்தில் அந்தப் பகுதியையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டது மத்திய அரசு. அப்புறம் 2025 ஜனவரி 7-இல் ஊர் ஊராகத் திரண்டு மதுரை தல்லாகுளத்துக்குப் பேரணி போனோம். 23-ஆம் தேதி ஏலம் ரத்து. டிவியில் செய்தி ஓட, தெருவெல்லாம் வெடிச்சத்தம். பெரியப்பா மட்டும், "கையெழுத்துப் போட்ட தாள் எங்கடா?" என்றார். கிரானைட்டுக்காக மலைகள் கரைந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்த மனுஷர். அவரைப் போய் ஆபத்து என்றால் எப்படி?