கூலி உயர்ந்தது யாருக்கு?

ஞாயிற்றுக்கிழமை நம் வியாபாரிகள் கூட்டத்தில் அந்தப் பேச்சாளர் சொன்னதற்கு அவ்வளவு கைதட்டல். கொள்ளைநோயும் போரும் வந்து போனால்தான் பொருளாதாரம் பாய்ந்து மேலே வரும் என்றார். அந்த வீடியோவைப் பகிர்ந்தவர்களில் என் நண்பர்களும் இருக்கிறீர்கள். எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

அவர் சொன்ன சரித்திரம் பொய்யில்லை. 1347இல் தொடங்கிய பிளேக்கில் ஐரோப்பாவில் மூன்றில் ஒருவராவது செத்தார்கள். ஆள் கிடைக்காததால் கூலி உயர்ந்தது. ஆனால் பழைய கூலிக்கு மேல் கேட்கக் கூடாது என்று இங்கிலாந்தில் 1351இல் சட்டம் போட்டார்களே, அதை ஏன் மேடையில் விட்டுவிட்டார்? உயர்ந்த கூலியும் பிழைத்துக் கிடந்தவனுக்குத்தான். செத்தவன் அந்தக் கணக்கிலேயே இல்லை.

கொரோனாவில் அதுகூட நடக்கவில்லை. ஆட்கள் இருந்தார்கள், வேலைதான் போனது. 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரை நாட்டின் உற்பத்தி ஏறத்தாழக் கால் பங்கு சரிந்தது. என் சித்தப்பா மகன் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்குப் பற்றவைப்பவன். கல்யாணம் நின்றது, கடைகள் மூடின, கொலுசு யார் வாங்குவார்கள்? அவன் பையனுக்கு அப்போது எட்டாம் வகுப்பு. வீட்டில் இருந்தது ஒரே செல்போன். 2021 செப்டம்பரில் ஒன்பதாம் வகுப்பைத் திறந்தபோது பையன் பட்டறையில் உட்கார்ந்துவிட்டான். இப்போது மீசை வைத்த ஆள். எடைச் சீட்டில் சேதாரம் கழிக்க வேண்டுமென்றால் என்னிடம் கொண்டுவந்து காட்டிச் சரிபார்த்துக்கொண்டு போகிறான். நாடு எழுந்துவிட்டது என்கிறீர்கள். இவன் எழுந்தானா?

"ஜெர்மனியும் ஜப்பானும் எழவில்லையா?" என்று கேட்பீர்கள். எழுந்தன. 1948 முதல் மார்ஷல் திட்டத்தில் அமெரிக்கப் பணம் மேற்கு ஐரோப்பாவுக்குக் கொட்டியது. அப்படியும் முதல் உலகப் போரின் இழப்பீட்டுக் கடனில் கடைசித் தவணையை ஜெர்மனி 2010இல்தான் கட்டியது. இரண்டாம் போர் முடிந்ததும் அமெரிக்காவிடம் வாங்கிய கடனை பிரிட்டன் 2006 வரை அடைத்தது. பேரன்கள் கட்டிய கடன் அது.

"நீ என்ன பொருளாதாரம் படித்தவனா?" இல்லை, மளிகைக் கடையில் கணக்கு எழுதுகிறவன். ஆனாலும் போரையும் நோயையும் ஒரே மூட்டையில் கட்டக் கூடாது என்று தெரியும். போர் ஆலையையும் பாலத்தையும் இடிக்கிறது. திரும்பக் கட்ட முதலீடு வேண்டும். நோய் ஆளை மட்டும் கொண்டுபோகிறது, நிலமும் தறியும் அப்படியே கிடக்கின்றன. புதிதாகக் கட்டக் கடன் கேட்பவர் குறைவு. பெரிய கொள்ளைநோய்களுக்குப் பிறகு பல பத்தாண்டுகள் வட்டி இறங்கியே கிடந்தது என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். என் தம்பிக்குக் கடன் கொடுத்தவர் மட்டும் ஒரு பைசா வட்டி இறக்கவில்லை. அவன் மனைவியின் தாலிக்கொடி இன்னும் அடகில் இருக்கிறது.

உலகமெங்கும் பரவிய 1918 ஃப்ளூ காய்ச்சலில் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேல் செத்தார்கள். அப்போது அமெரிக்காவில் கருவில் இருந்த பிள்ளைகள் வளர்ந்த பிறகும் மற்றவர்களைவிடக் குறைவாகப் படித்தார்கள், குறைவாகச் சம்பாதித்தார்கள். நீண்டகால விளைவு என்றால் எனக்கு இதுதான். கைதட்ட இதில் என்ன இருக்கிறது?

பட்டறையில் உட்கார்ந்த அந்தப் பையன் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதச் சம்மதித்திருக்கிறான். பணம் நான் கட்டுகிறேன். பட்டறை விட்ட பிறகு, இரவு எட்டு மணிக்கு மேல் கணக்குச் சொல்லித்தர செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் யாராவது இருந்தால் எனக்குத் தகவல் அனுப்புங்கள். அன்றைக்குக் கைதட்டியவர்களாக இருந்தாலும் பரவாயில்லை.