கவுன்டரிலேயே நிறுத்திவிடுவார்கள்
பட்ஜெட் விமானத்தை நம்பி வெளிநாடு கிளம்பாதீர்கள் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் என்ற இந்திய பட்ஜெட் விமான நிறுவனம் திடீரென்று பறப்பதை நிறுத்தியதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் நியாயம்தான். சரி, பாஸ்போர்ட்டையும் கொஞ்சம் சொல்லியிருக்கலாம். சிங்கப்பூர் போக அது குறைந்தது ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். ரிட்டர்ன் டிக்கெட்டை நீட்டினாலும் சென்னை செக்-இன் கவுன்டர் ஊழியர் காலாவதித் தேதியைத்தான் பார்ப்பார். சிங்கப்பூரில் உள்ளே விடாவிட்டால் திருப்பிக் கூட்டிவரும் பொறுப்பு விமான நிறுவனத்தின் தலையில் விழும். அதனால் கெஞ்சியும் பயனில்லை.

அப்புறம், கோலாலம்பூரில் விமானம் மாற மலிவாக இரண்டு தனி டிக்கெட் போடுகிறோமே! முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனம் காத்திருக்காது. பெட்டியை எடுத்து மறுபடி போட மலேசியக் குடிநுழைவைத் தாண்ட வேண்டியிருக்கும். அங்கேயும் அதே ஆறு மாத விதிதான்.