செத்த பிறகும் மனைவிதானா?

ஞாயிற்றுக்கிழமை வினாடி வினா பஞ்சாயத்து இதுதான்: மெர்சியாவை (இங்கிலாந்தின் நடுப்பகுதியில் இருந்த பழைய ஆங்கிலோ-சாக்சன் நாடு) ஆண்டவர்களில் எதல்ஃப்ளாட் என்ற பெண்ணின் பெயரையும் நான் சொன்னேன், நடுவர் ஏற்கவில்லை. கிடைக்காமல் போன ஐந்து மதிப்பெண்ணுக்காக இதை எழுதவில்லை. (சரி, கொஞ்சம் அதற்காகவும்தான்.)

மெர்சியாவின் ஆட்சியாளர்கள் என்று நடுவர் திரையில் காட்டிய பட்டியலில் பெண்டா, எதல்பால்ட், ஆஃபா எல்லாம் வரிசையாக நிற்கிறார்கள். கடைசியில் எதல்ரெட், 911 வரை. அத்தோடு முடிந்தது. அதற்கப்புறம் ஏழு வருடம் அந்த நாட்டை யார் ஆண்டார்கள், பேயா? நான் எதல்ஃப்ளாட் என்றதும், "அவங்க ஆட்சியாளர் இல்லைங்க, ஆட்சியாளரோட மனைவி" என்று ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்புதான் இரண்டு நாளாகத் தூங்க விடவில்லை.

புருஷன் செத்து ஏழு வருடமாகியும் ஒருவர் மனைவி மட்டும்தானா?

அந்த 'மனைவி' செய்ததைக் கேளுங்கள். 913இல் டாம்வொர்த்திலும் ஸ்டாஃபோர்டிலும் கோட்டை. அடுத்த வருடம் வார்விக்கில். 916இல் ஒரு மடாதிபதியைக் கொன்றுவிட்டார்கள் என்று வேல்ஸுக்குள் படையை அனுப்பி, அங்கிருந்த அரசரின் மனைவி உட்பட 34 பேரைப் பிடித்துவரச் செய்தார். 917இல் டேனியர் (வைக்கிங்குகள்) கையிலிருந்த டெர்பியைப் பிடித்தார். 918இல் லெஸ்டர் சண்டையே இல்லாமல் பணிந்தது. யார்க்கிலிருந்தும் உங்களுக்குக் கட்டுப்படுகிறோம் என்று வாக்கு வந்தது. அந்த ஜூன் 12இல் டாம்வொர்த்தில் இறந்துபோனார். மனைவியாக இருப்பது இவ்வளவு பெரிய வேலையா!

"அவருக்கு அரசி பட்டம் கிடையாதே" என்பீர்கள். எதல்ரெட்டுக்கும் அரசர் பட்டம் கிடையாது ஐயா. அவர் மெர்சியர்களின் தலைவர், இவர் மெர்சியர்களின் தலைவி. அவரை மட்டும் எந்தக் கணக்கில் சேர்த்தீர்கள்?

"அவர் பெயரில் காசு அடிக்கவில்லையே." எதல்ரெட் பெயரிலும்தான் இல்லை. காசுதான் கணக்கு என்றால் ஆஃபாவின் மனைவி கினெத்ரித் பெயரில் காசு இருக்கிறது, அவரையும் பட்டியலில் ஏற்றுங்களேன், பார்ப்போம். எதல்ஃப்ளாடின் தம்பி எட்வர்ட், தெற்கே இருந்த வெசெக்ஸ் நாட்டின் அரசர், அவருக்கு மேலே இருந்தார் என்பது உண்மை. இருக்கட்டுமே. டெர்பியைப் பிடித்தது எட்வர்டா?

எழுதினவர்கள் யார் என்று பாருங்கள். வெசெக்ஸ்காரர்கள் எழுதிய ஆண்டுக்குறிப்பில் எதல்ஃப்ளாட் சாகும்போது எட்வர்டின் சகோதரி, அவ்வளவுதான். அதே ஆண்டுக்குறிப்பு மெர்சிய அரசர் கெயோல்வுல்ஃபை முட்டாள் என்று எழுதிவைத்தது. 2015இல் வாட்லிங்டன் பக்கம் கிடைத்த புதையலில் என்ன இருந்தது? எதல்ஃப்ளாடின் அப்பா, வெசெக்ஸ் அரசர் ஆல்ஃபிரட் பெயரிலும் அந்த 'முட்டாள்' பெயரிலும் ஒரே மாதிரிக் காசுகள். முட்டாள் என்றவரோடுதான் கைகோத்துக் காசு அடித்திருக்கிறார்கள் போல. கடல் தாண்டி அயர்லாந்தில் அல்ஸ்டர் ஆண்டுக்குறிப்பை எழுதினவர்களோ, ஆல்ஃபிரடின் சாவைக்கூடக் குறிக்காதவர்கள், எதல்ஃப்ளாடை மிகப் புகழ்பெற்ற சாக்சன் அரசி என்று எழுதினார்கள்.

எங்கள் மாவு மில்லை அப்பா பக்கவாதத்தில் விழுந்த பிறகு ஒன்பது வருடம் அம்மாதான் ஓட்டினார். பெல்ட் அறுந்தால் மாற்றுவது, கல் கொத்த ஆள் பிடிப்பது, மிளகாய் அரைத்த மெஷினில் உடனே கோதுமை போடச் சொல்கிறவர்களோடு மல்லுக்கட்டுவது, எல்லாம். கரண்ட் பில்லில் மட்டும் கடைசிவரை அப்பா பெயர். அம்மா போனபோது ஒட்டிய போஸ்டரில் 'மில் உரிமையாளரின் துணைவியார்' என்று போட்டிருந்தது. அச்சகத்தில் நின்று அந்த வாசகத்தைச் சொன்னது நான்தான்.

"வரலாறு பேச வந்து வீட்டுக் கதையா? பெண்ணியமா?" என்று ஒருவர் கமெண்டில் வருவார். வாருங்கள். ஆண் பெயர் மட்டும் இருந்தால் அது வரலாறு, நான் ஒரு பெண் பெயரைச் சேர்க்கச் சொன்னால் கொள்கைப் பிரச்சாரம், அப்படித்தானே?

எதல்ஃப்ளாடுக்குப் பின்னால் அவருடைய மகள் எல்ஃப்வின் மெர்சியாவின் பொறுப்புக்கு வந்தார். ஆறு மாதம்கூட முழுதாக ஆகவில்லை, டிசம்பரில் தாய்மாமன் எட்வர்டே அதிகாரத்தைப் பறித்து அவரை வெசெக்ஸுக்குக் கொண்டுபோய்விட்டார். அத்தோடு அந்தப் பெண்ணைப் பற்றிப் பேச்சே இல்லை. அன்றைக்கு இந்தப் பெயரையும் சொல்லத்தான் வாயெடுத்தேன். நேரம் முடிந்தது என்று மணி அடித்துவிட்டார்கள்.