சம்பந்திகள் ஊர் பார்க்கிறார்கள்

(இடம்: சென்னை ஆதம்பாக்கத்தில் ஒரு வீட்டின் முன்னறை. கருணாகரனுக்கு வயது 71. கருவூலத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மயிலாப்பூரிலிருந்து வந்திருக்கும் தணிகாசலத்துக்கு வயது 68. அரசுப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர். முன்னவரின் மகளைப் பின்னவரின் மகன் மணந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. பிள்ளைகள் டொராண்டோவில் இருக்கிறார்கள். சம்பந்திகள் என்பதால் இருவரும் ஒருவரையொருவர் மிகுந்த மரியாதையோடுதான் கடிந்துகொள்வார்கள்.)

தணிகாசலம்: தாமதத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், சம்பந்தி. நூறு ரூபாய்த் தாளை நீட்டிய குற்றத்திற்காக நடத்துநர் கிண்டி வரையில் எனக்குப் பொருளாதாரம் கற்பித்தார். மீதிச் சில்லறை கைக்கு வந்தபோது நான் இறங்க வேண்டிய நிறுத்தம் பின்னால் போய்விட்டது.

கருணாகரன்: வாருங்கள், உட்காருங்கள், காபி வந்துகொண்டிருக்கிறது. பிள்ளைகள் நேற்று இரவு உங்களையும் அழைத்திருப்பார்களே?

தணிகாசலம்: அழைத்தார்கள். "அப்பா, நீங்களும் மாமாவும் முதியோருக்கென்று கட்டிய ஒரே வளாகத்தில் குடியேறிவிட்டால், எங்கள் மூன்று வார விடுப்பில் இரண்டு வீட்டுக்கும் அலையாமல் ஒரே இடத்தில் முடித்துவிடலாம்" என்றான் என் மகன். அந்த "முடித்துவிடலாம்" என்ற வினைமுற்றைத்தான் விடியும் வரையில் புரட்டிக்கொண்டு படுத்திருந்தேன்.

கருணாகரன்: அருமையான யோசனை என்று நான் சொன்னேன்.

தணிகாசலம்: நானும் அதையேதான் சொன்னேன்.

(இருவரும் சிறிது நேரம் மின்விசிறியைப் பார்க்கிறார்கள்.)

கருணாகரன்: ஆகவே ஒரு கோப்பு தொடங்கியிருக்கிறேன். முதல் பக்கத்தில் கோயம்புத்தூர். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 411 மீட்டர் உயரம், பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று, சிறுவாணித் தண்ணீர், மருத்துவமனைகளுக்குக் குறைவில்லை. முதியோர் குடியிருப்புகள் அந்த ஊரைச் சுற்றி இத்தனை முளைத்திருப்பதற்கு இவையெல்லாம்தான் காரணம். உங்களுடைய மூச்சிரைப்புக்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

தணிகாசலம்: நம் இருவருக்கும் பொருத்தமா, எனக்கு மட்டும் பொருத்தமா?

கருணாகரன்: நீங்கள் முதலில் போய்ப் பழகிக்கொள்ளுங்கள், நான் பின்னாலேயே வந்துவிடுகிறேன்.

தணிகாசலம்: எவ்வளவு பின்னால்?

கருணாகரன்: ஒரு பத்தாண்டு.

தணிகாசலம்: உங்களிடம் சொல்லவில்லை, சென்ற மாதமே அங்கே ஒரு வளாகத்தில் மூன்று நாள் தங்கிப் பார்த்துவிட்டு வந்தேன். வழுக்காத தரை, சுவரெங்கும் கைப்பிடி, சக்கர நாற்காலி நுழையும் அளவுக்கு அகலமான கதவு என்று குறை சொல்ல இடமில்லாமல் கட்டியிருந்தார்கள். இரண்டாம் நாள் குளித்துக்கொண்டிருந்தபோது கண்ணில் சோப்பு போய்விட்டது. துண்டைத் தேடித் தடவினேன். கையில் ஏதோ தொங்கியது. துண்டின் நுனி என்று நினைத்து இழுத்தேன். அது ஆபத்துக்கு உதவி கேட்கும் சிவப்புக் கயிறு.

கருணாகரன்: அடடா. எத்தனை நிமிடத்தில் வந்தார்கள்?

தணிகாசலம்: இரண்டே நிமிடத்தில் ஒரு செவிலியர், ஒரு காவலாளி, ஒரு சக்கர நாற்காலி, அதைத் தள்ளுவதற்கு ஓர் இளைஞர். குளியலறைத் தாழ்ப்பாளை வெளியிலிருந்தும் திறக்கலாம் என்பது முதியோர் பாதுகாப்புக்காகவே செய்த சிறப்பு ஏற்பாடு என்பதை அப்போதுதான் அறிந்தேன்.

கருணாகரன்: சேவையில் குறை இல்லை என்றே குறித்துக்கொள்கிறேன்.

தணிகாசலம்: அன்று இரவு உணவுக்கூடத்தில் நாற்பது பேர் தட்டை வைத்துவிட்டு "இப்போது தேவலையா?" என்று கேட்டார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே இரவு உணவு ஏழு மணிக்கு முடிந்துவிடும். பத்து மணிக்குப் பசித்தால் எந்தக் கயிற்றை இழுப்பது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை.

கருணாகரன்: அவர்களுடைய விளக்கக் கையேட்டைக் கொண்டுவந்தீர்களா?

தணிகாசலம்: கொண்டுவந்தேன், சிவப்பு மையால் திருத்தியும் வைத்திருக்கிறேன். "மூத்த குடிமக்கள்" என்று எழுத வேண்டியதை "மூத்தகுடி மக்கள்" என்று பிரித்து அச்சிட்டு, நம்மைப் பழந்தமிழ் மறவர் கூட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். கையில் வாள் ஒன்றைத்தான் கொடுக்கவில்லை.

கருணாகரன்: (மூக்குக்கண்ணாடிக்கு மேல் உருப்பெருக்கியையும் வைத்துக்கொண்டு) பிழை கிடக்கட்டும், பொடி எழுத்தில் இருப்பதைப் படிக்கிறேன். வைப்புத்தொகை திரும்பக் கிடைக்கும், ஆனால் வட்டி இல்லை. பராமரிப்புக் கட்டணம் ஆண்டுதோறும் உயரும், எவ்வளவு என்று சொல்லவில்லை. வீடு நம் பெயரில் பதிவாகுமா, ஆயுள்காலக் குத்தகையா என்ற கேள்விக்கு ஒரு மலர்ந்த தாத்தாவின் புகைப்படத்தைப் பதிலாகப் போட்டிருக்கிறார்கள். இப்படிப்பட்ட குடியிருப்புகளுக்கென்று மத்திய அரசின் வீட்டுவசதி அமைச்சகம் 2019-ஆம் ஆண்டிலேயே மாதிரி நெறிமுறைகளை வெளியிட்டிருக்கிறது. அதைப் படித்துவிட்டுத்தான் கையெழுத்து. இதென்ன, விருந்தினர் ஆண்டுக்கு 30 நாள் மட்டும் தங்கலாம் என்கிறதே?

தணிகாசலம்: அந்த விதியால் நமக்கு இழப்பு எதுவுமில்லை. நம் பிள்ளைகள் இந்த ஒன்பது ஆண்டுகளில் வந்து தங்கிய நாள்களை எல்லாம் கூட்டினாலும் இரண்டாண்டு ஒதுக்கீட்டைத் தாண்டாது.

(காபி வருகிறது. இருவரும் அதை ஆற்றுவதில் வழக்கத்துக்கு மேற்பட்ட கவனம் செலுத்துகிறார்கள்.)

கருணாகரன்: கட்டணத்துக்கு வழி பார்ப்போம். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 15 லட்சமாக இருந்த உச்சவரம்பை 2023-இல் 30 லட்சமாக உயர்த்தினார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் வட்டி 8.2 சதவீதமானது. அந்த விகிதப்படி 30 லட்சம் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய். மாதக் கணக்கில் 20,500.

தணிகாசலம்: கோயம்புத்தூர் அஞ்சலகத்தில் போட்டால் எவ்வளவு?

கருணாகரன்: அதே 20,500.

தணிகாசலம்: ஆதம்பாக்கத்தில்?

கருணாகரன்: அதே 20,500. நாடு முழுவதற்கும் ஒரே வட்டி.

தணிகாசலம்: அப்படியானால் அதை ஊர்ச் சலுகை என்ற தலைப்பின் கீழ் ஏன் எழுதியிருக்கிறீர்கள்? வகைப்பாட்டுப் பிழை. அரை மதிப்பெண் கழிக்கிறேன்.

கருணாகரன்: சரி, மருத்துவம். 2024 அக்டோபரில் மத்திய அரசு 70 வயதைக் கடந்தவர்களுக்கு வருமானம் பாராமல் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரையிலான சிகிச்சைக் காப்பீட்டைத் தொடங்கியது. அதற்கும் ஊர் முக்கியமில்லை, வயதுதான் முக்கியம். உங்களுக்கு 68 என்பதால் இன்னும் இரண்டு ஆண்டுகள் நோயைத் தள்ளிப்போட வேண்டும். அதுவும் மருத்துவமனையில் படுத்தால்தான் செல்லும். மருந்துக்கடைக்கு நடந்துபோனால் செல்லாது.

தணிகாசலம்: வாழ்நாள் சான்று?

கருணாகரன்: எந்த ஊரிலும் அஞ்சல்காரரே வீடு தேடி வந்து, 70 ரூபாய் வாங்கிக்கொண்டு, கைரேகையைப் பதிந்து, நாம் உயிரோடு இருக்கிறோம் என்று கருவூலத்துக்கு அறிவித்துவிடுவார். முப்பது ஆண்டுகள் மற்றவர் உயிரோடு இருக்கிறார்களா என்று சரிபார்த்தவனுக்கு அந்த 70 ரூபாய் சற்றே உறுத்துகிறது, அவ்வளவுதான்.

தணிகாசலம்: உங்களுக்கு உறுத்தலோடு போயிற்று. முப்பத்து மூன்று ஆண்டுகள் சுண்ணாம்புக்கட்டி பிடித்துத் தேய்ந்த என் விரலில் ரேகையே விழவில்லை. மூன்று முறை அழுத்திப் பார்த்த அஞ்சல்காரர், "சார், நீங்கள் இல்லை என்று வருகிறது" என்றார். அதைச் சொல்லிவிட்டு என்னிடமே குடிக்கத் தண்ணீரும் கேட்டார்.

கருணாகரன்: (சிரிப்பை அடக்கிக்கொண்டு) சரி, உங்கள் முறை. நீங்கள் எந்த ஊரை முன்மொழிகிறீர்கள்?

தணிகாசலம்: உங்களுடைய பக்திக்குக் கும்பகோணத்தைவிட்டால் வேறு இடமில்லை. தடுக்கி விழுந்தால் கோயில். எழுந்து நின்றால் டிகிரி காபி.

கருணாகரன்: விழாமல் இருப்பதற்குத்தான் ஊர் தேடுகிறோம். அது போகட்டும், 2016-இல் நடந்த மகாமகம் மறுபடி 2028-இல் வருகிறது என்பதை நினைத்துப் பார்த்தீர்களா? என் மனைவியின் பக்கத்தில் மட்டும் நான்கு சகோதரர்கள், அவர்களுடைய சம்பந்திகள், சம்பந்திகளின் சம்பந்திகள். தீர்த்தமாட வருகிறவர்களுக்குச் சத்திரம் நடத்துவதற்கா நான் ஓய்வு பெற்றேன்?

தணிகாசலம்: கொடைக்கானல்?

கருணாகரன்: ஏழாயிரம் அடி உயரம். உங்களுக்கு மூச்சிரைப்பு, எனக்கு முழங்கால். ஆளுக்குப் பாதி நோயாளியாக மலையேறினால் இறங்கும்போது முழு நோயாளியாகிவிடுவோம்.

தணிகாசலம்: புதுச்சேரி?

கருணாகரன்: ஓய்வு பெற்ற ஆண்கள் இருவர் சேர்ந்து புதுச்சேரிக்குக் குடிபோகிறோம் என்றால், கடற்காற்றுக்காகப் போகிறார்கள் என்று யார் நம்புவார்கள்? கையேட்டில் அச்சான "மூத்தகுடி" என்பது அப்போதுதான் பிழை இல்லாமல் பொருந்தும்.

தணிகாசலம்: எந்த ஊருக்குப் போனாலும் பழைய மருத்துவரைப் பார்க்கச் சென்னைக்கு வரவேண்டியிருக்கும். ரயிலில் ஆண்களுக்கு 40 சதவீதம், பெண்களுக்கு 50 சதவீதம் என்று இருந்த மூத்தோர் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தியபின் முழுக் கட்டணம்தான். கீழ்ப்படுக்கை மட்டும் கிடைக்கலாம்.

கருணாகரன்: (கோப்பைப் புரட்டி) இதோ, கடைசிப் பக்கத்தில் ஊரோடு ஒட்டிய சலுகைகள் என்று இரண்டே தேறுகின்றன. கிண்டியில் 2024 பிப்ரவரியில் முதியோருக்கென்றே திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனை. இங்கிருந்து கூப்பிடு தூரம். அடுத்தது, சென்னையில் 60 வயதைக் கடந்தவர்களுக்கு மாநகரப் பேருந்தில் மாதம் 10 இலவச டோக்கன். 2016 முதல் தருகிறார்கள்.

தணிகாசலம்: கோயம்புத்தூருக்குப் போனால் அந்த டோக்கன் கிடைக்காது.

கருணாகரன்: கிடைக்காது. போக ஒன்று, வர ஒன்று என்று வைத்தால் மாதத்தில் ஐந்து முறை நீங்கள் இங்கே வரலாம். சம்பந்திகள் பார்த்துக்கொள்வதற்கு அந்த ஐந்தே சற்று அதிகம் என்பது என் தாழ்மையான கருத்து.

தணிகாசலம்: அதில் எனக்கும் உடன்பாடுதான். ஒரே வளாகத்தில் இருந்திருந்தால் ஒரு நாளைக்கு ஐந்து முறை பார்க்க வேண்டியிருக்கும்.

கருணாகரன்: (எழுதிக்கொண்டே) "தற்போதைய நிலையே தொடரலாம்." கையெழுத்திடுங்கள்.

தணிகாசலம்: பிள்ளைகள் கேட்டால்?

கருணாகரன்: பரிசீலனையில் உள்ளது என்று சொல்லுங்கள். என் பணிக்காலத்தில் பரிசீலனைக்குப் போன கோப்பு எதுவும் திரும்பி வந்து யாரையும் தொந்தரவு செய்ததில்லை.

(தணிகாசலம் கையெழுத்திட்டு, "தொடரலாம்" என்பதற்குப் பின் ஒரு முற்றுப்புள்ளியும் சேர்க்கிறார். கருணாகரன் கோப்பை மூடப் போனவர், தணிக்கையாளரின் பழைய பழக்கத்தால் நிறுத்துகிறார்.)

கருணாகரன்: ஒரு சிறு ஐயம், சம்பந்தி. டோக்கன் கொடுத்துப் பயணம் செய்பவருக்கு நடத்துநர் எதற்காகச் சில்லறை தரவேண்டும்?

தணிகாசலம்: டோக்கன் தீர்ந்துவிட்டது.

கருணாகரன்: இன்று தேதி பதினெட்டுதானே?

தணிகாசலம்: காபி ஆறுகிறது, சம்பந்தி. குடியுங்கள்.